கோடு தவறினால் அதிரும்

எனக்கு ஓடப் பிடிக்காது. பேருந்து கிளம்பப் போகிறது என்று தெரிந்தாலும் நடந்துதான் போவேன். போனால் போகட்டும், அடுத்தது வரும். அம்மா இதைச் சோம்பேறித்தனம் என்பாள். நான் பொறுமை என்பேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஓட்டத்தில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதாவது போட்டியா என்று கேட்டீர்கள். இல்லை. நான் வரைபடம் வரைகிறவன். நில அளவை அலுவலகத்தில் மலைப்பகுதி முழுக்க என் மேஜைக்கு வரும். எந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து, எந்த ஓடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால்தான் விசில்காரர் என்னைத் தேடி வந்தார். நான்கு நாள் மலை ஓட்டத்தை நடத்துகிறவர் அவர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மகள் கல்யாணத்தில் கோட்டு சூட்டுக்கு மேலேயும் அது தொங்கியது.

"ஓடுறவன் எல்லாம் இப்ப கையைப் பாத்துத்தான் ஓடுறான் சார். வழியில கேக்க ஆளும் இல்ல, கேக்கவும் மாட்டான். நீங்க ஒரு கோடு போட்டுக் குடுங்க, போதும்" என்றார்.

அந்தக் கோட்டைத்தான் வருடாவருடம் போட்டுக் கொடுத்தேன். ஓடுகிறவர்கள் அதைத் தங்கள் ஜி.பி.எஸ். கடிகாரத்தில் ஏற்றிக்கொள்வார்கள். சின்னத் திரையில் ஒரு கோடு, அதன்மேல் ஓர் அம்புக்குறி. அம்பு நீங்கள், கோடு நான். கோட்டை விட்டு விலகினால் கடிகாரம் மணிக்கட்டில் அதிரும். திரும்பிக் கோட்டுக்கு வந்ததும் அடங்கிவிடும். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நாள் முழுக்க மலை ஏறிக் களைத்தவனுக்கு அந்த அதிர்வு ஒரு தோழன் கையைப் பிடித்து இழுப்பதுபோல இருக்குமாம். மாப்பிள்ளைதான் சொன்னார்.

அவர் என் தங்கையின் கணவர். தங்கையை வீட்டில் சின்னவள் என்றே கூப்பிடுவோம். அப்பா போன பிறகு அவளுடைய பள்ளிக்கூடத் தாள்களில் கையெழுத்துப் போட்டது நான். சைக்கிள் பழக்கியதும் நான்தான். அவள் விழுந்தபோது சிரித்ததும் நான். அவர் கடைவீதியில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லாத சின்னவள் மாதாமாதம் கண் பரிசோதனைக்கு அங்கே போய் வந்தாள். அம்மாவுக்கு இரண்டாவது மாதமே புரிந்துவிட்டது. எனக்குப் புரியக் கல்யாணப் பேச்சு வரவேண்டியிருந்தது.

நல்லவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் மோசம் என்பது எங்கள் வீட்டில் ஓயாத கேலி. தடித்த கண்ணாடி போடுவார். கழற்றினால் கைக்கு எட்டும் தூரம் வரைதான் தெளிவு, அதற்கு அப்பால் எல்லாம் பால் கலந்த தண்ணீர். மழையிலும் மூடுபனியிலும் கண்ணாடி நனைந்து வெள்ளை பூத்துவிடும். அப்போது அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மணிக்கட்டை மூக்கருகே தூக்கிப் பார்த்தபடி ஓடுவார். கடிகாரத் திரை மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

"நான் மலையைப் பாத்ததே இல்ல மச்சான். உங்க கோட்டைத்தான் பாத்திருக்கேன்" என்று ஒருமுறை சொன்னார். அன்றைக்கு எனக்கு அதில் பெருமையாக இருந்தது.

சின்னவளை ஓட வைத்தது அவர்தான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் இருவரும் ஜோடியாக அந்த நான்கு நாள் ஓட்டத்தில் இறங்கினார்கள். மூன்றாம் நாள் பாதை, பாறைச் சுவர்களுக்கு நடுவில் போகும் ஒரு பள்ளத்து வழியாக ஏறி, முகட்டைக் கடந்து, மறுபக்கம் முகாமுக்கு இறங்கும். பள்ளத்தில் அவள் கால் மடங்கி விழுந்திருக்கிறாள். எலும்பு முறிந்துவிட்டது. அங்கே போன் எடுக்காது. அவர் தன் மேலுடைகளை எல்லாம் அவளுக்குப் போர்த்தி, எல்லோரும் பையில் வைத்திருக்கும் வெள்ளித்தாள் போர்வையைச் சுற்றிவிட்டு, ஆள் கூட்டி வர முகடு ஏறி முகாமுக்கு இறங்கினார். இது அவர் சொன்னது. நான் சுருக்கமாகச் சொல்வேன். அவளை விட்டுவிட்டு வந்தார்.

முகாம் வாசலில் நான் நின்றிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். அவர் மட்டும் தனியாக இறங்கி வந்தார். வந்து நின்றவர் என்ன செய்தார் தெரியுமா. இடது கையைத் தூக்கினார். வலது கை விரலால் கடிகாரத்தின் பட்டனை அழுத்தினார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மச்சான், சின்னவ மேல இருக்கா."

ஓடுகிறவர்கள் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் பட்டனை அழுத்தித் தங்கள் நேரத்தை நிறுத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் தங்கை ஒரு பள்ளத்தில் கிடக்கிறாள், இவர் நேரத்தை நிறுத்துகிறார். நேரத்துக்காக இல்லை, திரையில் வேறு ஏதோ கொண்டுவருவதற்காக அழுத்தினார் என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். அவர் பனியனோடு வந்தார் என்பதும், உதடு நீலம் பாரித்திருந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன. அந்த நிமிடம் என் கண்ணில் பட்டது அந்த விரல் ஒன்றுதான். இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு நானே மேலே போனேன். மேகம் இறங்கியிருந்தது. தேடினோம். காலையில்தான் கிடைத்தாள். குளிர் அவளை முடித்திருந்தது.

அழுதேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அலுவலகம் போனேன். யாரையும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவன் கல்லுளிமங்கன் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். கல் அல்ல. பேருந்துக்குக் காத்திருக்கிறவன் பேசுவானா.

அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார். அவள் மூக்குக்கண்ணாடியின் திருகை முடுக்கிக் கொடுப்பார். மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அம்மா அவர் தட்டில் இரண்டாம் முறை பரிமாறும்போது, "போதும் அத்தை" என்று கையை வைத்து மறைப்பார். இடது கை. கடிகாரம் கட்டிய கை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே ஒரு வருடம் சாப்பிட்டேன்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு அவர் மேல கோவமே வரலையா?"

"எதுக்குடா வரணும்? பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு நிக்குற மனுஷன். பெத்தவ நானே தாங்கிக்கறேன். உனக்கு என்ன வந்துச்சு?"

அம்மாக்களுக்கு மருமகன்மீது ஒரு பாசம் உண்டு. அது கண்ணை மறைக்கும். வீட்டில் ஒருவராவது கண் திறந்து இருக்கவேண்டும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே ஆரம்பித்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நான் மறுபடி ஓடலாம்னு இருக்கேன். அவ மூணாம் நாளோட நின்னுட்டா. மிச்சத்த நான் முடிச்சுட்டு, அதோட இந்த ஓட்டத்துக்கே ஒரு கும்பிடு போட்டுடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பு என்ன இருக்கு மாப்பிள்ளை. நல்லா ஓடுங்க" என்றேன்.

"கண்ணு முன்னைவிட மோசம். நீங்க கோடு போட்டுத் தந்தீங்கன்னா தைரியமா போவேன்."

இதை அவர்தான் கேட்டார். குறித்துக்கொள்ளுங்கள். நான் போய் வலை விரிக்கவில்லை.

பயிற்சிக்காக வாராவாரம் அவருக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன். ஊருக்கு வெளியே உள்ள குன்றுகள், கல் குவாரிப் பாதை, ஏரிக்கரை. ஒவ்வொரு வளைவையும் அலுவலகத்து வரைபடத்தை வைத்துச் சரிபார்த்துத்தான் போடுவேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடிப் பழகச் சொன்னேன். மேகம் வந்தால் நின்று தடுமாறுவதைவிட, கடிகாரத்தை நம்பிக் கால் வைப்பது பாதுகாப்பு என்று சொன்னேன். மனிதனுக்கு நம்பிக்கை ஒரே நாளில் வராது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல ஊற்றவேண்டும்.

ஒருமுறை மட்டும் ஒரு சோதனை வைத்தேன். ஏரிக்கரையில் பாதை வலப்பக்கம் திரும்பும் இடத்தில் கோட்டை நேராக விட்டேன். சற்றுத் தள்ளி ஒரு குட்டை உண்டு. எருமைகள் படுத்துக் கிடக்கும். அன்று காலை தூறல். அவர் முழங்கால்வரை சேற்றோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரே சிரிப்பு.

"மச்சான், உங்க கோடு என்னைக் கொண்டுபோய் எருமைங்களுக்கு அறிமுகம் பண்ணி வெச்சிருச்சு. அதுங்களும் கொஞ்சம் நகந்து எடம் குடுத்துச்சுங்க."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னவள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்தேன். "கை தவறிடுச்சு மாப்பிள்ளை, மன்னிச்சிருங்க" என்றேன்.

"தண்ணி காலை நனைச்சப்பவே சந்தேகம் வந்துச்சு. ஆனா நீங்க போட்ட கோடாச்சே, அந்தப் பக்கம் ஏதாவது வழி இருக்கும்னு நெனச்சேன்."

நான் தெரிந்துகொள்ள நினைத்தது அதுதான்.

ஓட்டத்துக்கு முந்தின மாலை கடிகாரத்தை என்னிடம் கொடுத்தார். பட்டை நைந்துபோன பழைய கடிகாரம். புதிது வாங்கிக்கொள்ளலாமே என்றேன். இது பழகியது என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் சொன்னார். பலமாக விழுந்தால் அந்தக் கடிகாரம் தானே உணர்ந்துகொண்டு, நாம் குறித்து வைத்திருக்கும் ஒருவருடைய போனுக்குச் செய்தி அனுப்பும்.

"அதுல இன்னும் சின்னவ நம்பர்தான் இருக்கு மச்சான். எனக்கு அதை அழிக்கக் கை வரல. நீங்களே எடுத்துட்டு உங்க நம்பரைப் போட்டுருங்க. எனக்கு வேற யாரு இருக்கா."

அழித்தேன். என் எண்ணைப் போட்டேன். கோட்டையும் ஏற்றினேன். எல்லோருக்கும் கொடுத்த அதே கோடுதான், ஓர் இடம் தவிர. மூன்றாம் நாள், முகட்டின் மேல், பாதை ஒரு பெரிய கற்குவியலைத் தாண்டியதும் இடப்பக்கம் மடங்கிக் கீழே இறங்கும். அவருடைய கோடு மடங்கவில்லை. நேராகப் போனது. நேராகப் போனால் கொஞ்சம் புல்தரை, பிறகு ஒன்றுமில்லை. எங்கள் வரைபடத்தில் அங்கே உயரக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே கறுப்புப் பட்டையாகத் தெரியும், அவ்வளவு செங்குத்து.

தெளிவான வானிலையில் ஒரு குழந்தைகூட அங்கே நின்றுவிடும். அதனால் நான் செய்தது வெறும் கோடு போட்டதுதான், மேகத்தை நான் வரவழைக்கவில்லை என்று விசாரணையின் முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது உண்மை. ஆனால் அந்தப் பருவத்தில் மதியத்துக்கு மேல் அந்த முகட்டில் மேகம் ஏறாத நாள் அபூர்வம் என்பதும் எனக்குத் தெரியும்.

முகட்டுக் காவல் வேலையை விசில்காரரிடம் நானே கேட்டு வாங்கினேன். "தங்கச்சி போன எடம் சார், உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்றார். நான் அங்கே இருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை வெயில் பளிச்சென்று இருந்தது. முன்னால் ஓடுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, கொடிகளைப் பார்த்து இடப்பக்கம் மடங்கி இறங்கிப் போனார்கள். மதியத்துக்குப் பிறகு பள்ளத்திலிருந்து மேகம் புகைபோல எழுந்தது. மாப்பிள்ளை கடைசியில்தான் வருவார் என்று எனக்குத் தெரியும். பள்ளத்தில், அவள் கிடந்த இடத்தில், அவர் உட்காருவார். வெகு நேரம் உட்காருவார். எத்தனை வேகமாக ஓடி வந்தாலும் அங்கே அவர் உட்காராமல் போகமாட்டார். நான் நம்பியிருந்தது மேகத்தைக்கூட அல்ல, இதைத்தான்.

அவருக்கு முன்னால் இருந்த கடைசி ஆளும் போனபின், மடக்கத்தில் நட்டிருந்த கொடிகளைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தேன். நேற்று நீங்கள் கேட்டபோது காற்று பிடுங்கிவிட்டது என்றேன். காற்றும் அடித்தது. ஆனால் பிடுங்கியது நான்தான். பிறகு கற்குவியலுக்கு ஒதுங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மேகம்.

ஊன்றுகோல் கல்லில் தட்டும் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு குரல். யாருடனோ பேசிக்கொண்டு வந்தார்.

"அவ்ளோதான், ஏறியாச்சு. இனிமே இறக்கம்தான். மெதுவா வா."

கூட யாரும் இல்லை. ஓடும்போது அவளிடம் பேசுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் நம்பியதில்லை.

கற்குவியலைத் தாண்டியதும் கால் சத்தம் நின்றது. "கொடி ஒண்ணையும் காணோமே" என்றார். இடப்பக்கம் இரண்டடி வைத்தார். அவர் காலுக்குச் சரியான பாதை தெரிந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வழியாகத்தானே இறங்கி ஓடினார். அப்போது மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. அந்த அமைதியில் அது எனக்கே கேட்டது, ஒரு வண்டு முனகுவதுபோல. அவர் நின்றார். திரும்பிக் கோட்டுக்கு வந்தார். அதிர்வு அடங்கியது.

பிறகு ஏதோ தோன்றியிருக்கவேண்டும்.

"யாரு? மச்சானா? இங்கதான் இருப்பேன்னு சொன்னாங்க."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என் கையும் அவர் தோளும் ஐந்தாறு அடி தூரத்தில் இருந்தன. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடத் தோன்றியதா என்றால், இல்லை. பள்ளத்தில் அவளும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பாள் என்று தோன்றியது.

பதில் இல்லை என்றதும் நடந்தார். ஓடவில்லை. மணிக்கட்டை முகத்தருகே பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்தார். புல்லில் காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு சிறு கற்கள் உருளும் சத்தம். அவர் கத்தவில்லை.

என் சட்டைப்பையில் போன் துடித்தது. கடிகாரம் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. பலமாக விழுந்துவிட்டார், இன்ன இடம், உடனே உதவுங்கள் என்று செய்தி. முகட்டில் சிக்னல் நன்றாகவே இருக்கும். அதோடு ஒரு சுட்டி. தட்டினால், ஓடுகிறவர் எங்கே இருக்கிறார், இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்பதை அந்தக் கணத்திலேயே பார்க்கலாம். தட்டினேன்.

துடித்துக்கொண்டிருந்தது.

விசில்காரரைக் கூப்பிட என்னிடம் வயர்லெஸ் இருந்தது. கீழே முகாமில் ஒரு மருத்துவர், கயிறு போட்டு இறங்கத் தெரிந்த ஆட்கள் எல்லாம் தயாராக இருந்தார்கள். நான் வயர்லெஸ்ஸை எடுக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மிக அதிகமாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நடுவில் ஒருமுறை ஏறியது. எதற்காக ஏறியது என்று இன்றும் யோசிக்கிறேன். ஒருவேளை எழுந்திருக்க முயன்றிருப்பார். குளிர ஆரம்பித்தது. என் தங்கைக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அன்று அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் சரியாகப் புரிந்துகொண்டேன். அவரும் புரிந்துகொண்டிருப்பார். அதற்காகத்தான் அத்தனை பாடும்.

எண் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு வந்ததும் எழுந்தேன். கொடிகளை மறுபடி அதே குழிகளில் நட்டேன். பிறகு வயர்லெஸ்ஸில், மாப்பிள்ளை இன்னும் வரவில்லை, கவலையாக இருக்கிறது என்றேன். அந்தக் குரலில் நடுக்கம் இருந்தது என்று விசில்காரர் உங்களிடம் சொன்னாராம். குளிர்.

கடிகாரம் உடைந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். உடையவில்லை. அதில் இருந்த கோட்டை மற்றவர்கள் கோட்டோடு நீங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள் என்பதும் எனக்குத் தோன்றாமல் இல்லை. என்னைப் பிடித்ததில் வருத்தம் இல்லை. கை தவறி வரைந்த கோடு என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்பதுதான் ஒரே வருத்தம். என் கை தவறாது.

இனி, இன்று காலை நீங்கள் கேட்டது. சின்னவளைத் தேடிப் போன அன்று ஏன் இரவு முழுக்க முகட்டின் மேலேயே தேடினோம், பள்ளத்தில் ஏன் இறங்கவில்லை என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

முகாம் வாசலில் மாப்பிள்ளை கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மச்சான், அவ பக்கத்துல நின்னு புள்ளி போட்டுட்டு வந்திருக்கேன். ஒரு கற்குவியல் பக்கத்துல. இங்கதான் இருக்கா, பாருங்க" என்றார். திரையில் புள்ளி பள்ளத்துக்குள் இருந்தது. என் வரைபடத்தில் பள்ளத்துக்குள் கற்குவியல் எதுவும் கிடையாது. முகட்டில்தான் உண்டு. தவிர, பாறைச் சுவர்களுக்கு நடுவில் சிக்னல் தெறித்துப் புள்ளி தள்ளிக் காட்டுவது சகஜம். இது என் தொழில். "வாட்ச்சு தப்பாக் காட்டுது மாப்பிள்ளை, எனக்கு இந்த மலை தெரியும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நானும் வருகிறேன் என்றார். நிற்கவே முடியாத மனிதர். கையை உதறிவிட்டு ஆட்களோடு முகட்டுக்குப் போனேன். முகடு முழுக்கத் தேடினோம்.

காலையில் மேகம் விலகியதும் பள்ளத்தில் அந்த வெள்ளிப் போர்வை மின்னியது. பக்கத்தில் யாரோ எப்போதோ அடுக்கிய ஒரு சின்னக் கற்குவியல். அடுத்த பதிப்பில் அதை வரைபடத்தில் சேர்த்துவிட்டேன்.

பிறகு நடந்த விசாரணையில், விசில்காரர், அதிகாரிகள், அம்மா எல்லோரும் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையிடம்தான் முதலில் கேட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கும். "எடத்தைச் சரியா சொல்ல எனக்குத் தெரியலைங்க. மச்சான் என்ன பண்ணுவார், பாவம்" என்றார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. புள்ளியைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, அதன்பிறகும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு, ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். மனத்தில் குற்றம் இல்லாத மனிதர் என்றால், இரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டாரா.